தடுத்தாலும் நுழைகிறது, திறந்தாலும் வரவில்லை: வீட்டு ரவுட்டர் சிக்கல்களுக்கு அறிகுறிவாரியாகத் தீர்வு

ரவுட்டரில் ஒரு போனைத் தடுப்பதும் இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசலான ஒரு போர்ட்டைத் திறப்பதும் இரண்டு நிமிட வேலை. தடுத்தது ஏன் தடுபடவில்லை, திறந்தது ஏன் திறக்கவில்லை என்று தேடத் தொடங்கினால்தான் ஒரு முழு விடுமுறை நாள் போய்விடுகிறது. இத்தனைக்கும் பெரும்பாலான நேரங்களில் ரவுட்டரில் கோளாறே இருக்காது. நாம் ஒன்றை நினைத்து பட்டனை அழுத்துகிறோம், அது வேறொன்றாக எடுத்துக்கொள்கிறது. "சின்னவனின் போன்" என்று ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எண், அந்த எண்ணிலிருந்து வரும் இணைப்பு, அந்த இணைப்பை முதலில் தொடங்கியது வீட்டுக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்ற கணக்கு. கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் எண் எது, தொடங்கியது யார் என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கை வைக்கும் முன்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும். இரண்டும் திறக்கவில்லை என்றால் போனில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைப் பாருங்கள். கேட்வே அல்லது ரவுட்டர் என்ற இடத்தில் இருப்பதுதான் அந்த முகவரி. உள்ளே போனதும் செட்டிங்ஸை ஒரு கோப்பாக பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். லேன் கேபிள் ஒன்றைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்பது பின்னால் வரும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கைந்தைச் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமல் விழிப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

மெனுவின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் ஆக்சஸ் கன்ட்ரோல், இன்னொன்றில் மேக் ஃபில்டர், மற்றொன்றில் பிளாக் லிஸ்ட். வேலை ஒன்றுதான்.

தடுத்த போன் மறுநாளே உள்ளே வந்து நிற்கிறது

ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்தையும் அதன் மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது. 48 பிட் நீளம்; திரையில் 12 குறிகளாகத் தெரியும், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்திருக்கும். முன்பெல்லாம் தொழிற்சாலையில் பதித்த எண்தான் எங்கே போனாலும் கூடவே போகும். அதனால் ஒருமுறை தடுத்தால் தடுத்ததுதான். 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. போன்கள் தங்கள் சொந்த எண்ணை மறைத்துவிட்டு, ஒவ்வொரு வைஃபைக்கும் தாங்களே ஓர் எண்ணை உண்டாக்கிக் காட்டுகின்றன. பொது இடங்களில் ஆளை எண் வைத்துப் பின்தொடராமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு அது. வீட்டுத் தடைப்பட்டியலுக்குத்தான் தலைவலி. போனில் அந்த வசதியை ஒருமுறை அணைத்தாலோ, வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்ந்தாலோ, ரவுட்டரின் கண்ணுக்கு அது புதிய விருந்தாளியாகத் தெரியலாம். பழைய எண் தடைப்பட்டியலில் தூங்கிக்கொண்டிருக்கும், போன் புது எண்ணில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்.

இதுதான் காரணமா என்று பார்க்க ஒரு சின்ன உத்தி. முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல, சாதனமோ மென்பொருளோ உண்டாக்கிய எண். 3ஏ என்று தொடங்கினால் உண்டாக்கியது. 3சி என்று தொடங்கினால் தொழிற்சாலை எண். பட்டியலில் இப்படிப்பட்ட முகவரிகள் மூன்று நான்கு ஒரே போனின் பெயரில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

போன் உங்கள் கையில் இருந்தால் தீர்வு எளிது. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரத்தில் பிரைவசி என்ற இடத்துக்குப் போய் சாதனத்தின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றுங்கள். ஐபோனில் அதே இடத்தில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபைக்கு மட்டும் இப்படி மாற்றினால் போதும்; வெளியிடங்களுக்கு அது இயங்கட்டும்.

போன்காரர் ஒத்துழைக்க மாட்டார் என்றால் எண்ணைத் துரத்திக்கொண்டே இருக்காதீர்கள், அது முடியாத வேலை. வெளியாளாக இருந்தால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நான் சொல்வது இது: விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் இருக்கும் தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதன்மை வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நேரக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு போனுக்கும் போடாமல் அந்த நெட்வொர்க்குக்கே போடுங்கள். போன் எத்தனை எண் மாற்றினாலும் நுழையும் வாசல் ஒன்றுதானே.

அனுமதித்த எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தடுக்கும் வெள்ளைப் பட்டியலும் உண்டு. எண் மாற்றும் போன்களைத் தடுக்க அது உதவும். ஆனால் அதைப் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். மேக் முகவரி வைஃபை அலைகளில் மறைக்கப்படாமல்தான் போகிறது, கவனிக்கத் தெரிந்தவர் அனுமதி பெற்ற ஓர் எண்ணைப் பார்த்து அதையே தன் கணினிக்குப் போட்டுக்கொள்ள முடியும். பூட்டு என்பது கடவுச்சொல்தான். மேக் பட்டியல் வாசலில் வைத்த வருகைப் பதிவேடு மாதிரி.

எண் மாறவில்லை, தடையும் போட்டாயிற்று, ஆனாலும் ஓடுகிறது

முதலில் அந்த போன் வைஃபையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறைய புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அடுத்து, சில ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் கெஸ்ட்டுக்கும் தனித்தனித் தடைப்பட்டியல். ஒன்றில் போட்டால் மற்றதில் வராது. மடிக்கணினிக்கு வைஃபைக்கு ஓர் எண், கேபிளுக்கு ஓர் எண். கடைசியாக, நடுவில் வைஃபை எட்டும் தூரத்தை நீட்டிக்கும் ரிப்பீட்டர் இருந்தால், சில ரிப்பீட்டர்கள் தங்கள் வழியாக வருபவர்களின் மேக் முகவரியை மாற்றித்தான் ரவுட்டரிடம் காட்டும். நீங்கள் தடுத்த எண்ணை ரவுட்டர் கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

பட்டியலில் தெரியாத சாதனம் ஒன்று

பயப்படும் முன் இரண்டு விஷயம். அந்தப் பட்டியல் இப்போது இணைந்திருப்பவர்களின் பட்டியலா, டிஹெச்சிபி வாடகைப் பட்டியலா? சாதனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஐபி முகவரி தரும் ஏற்பாடுதான் டிஹெச்சிபி. வாடகைப் பட்டியலில் நேற்று வந்து போன உறவினரின் போனும் வாடகை முடியும்வரை இருக்கும். இரண்டாவது, பெயர். எஸ்பிரெசிஃப், மூராட்டா, அஷூர்வேவ் என்றெல்லாம் தெரிந்தால் யாரோ வெளிநாட்டவர் புகுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவை வைஃபை சிப்பும் மாட்யூலும் செய்யும் நிறுவனங்கள். மேக் முகவரியின் முதல் ஆறு குறிகளை வைத்து ரவுட்டர் தயாரிப்பாளரின் பெயரைக் காட்டுகிறது, உள்ளே இருக்கும் சிப்பின் தயாரிப்பாளர் வேறு, பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் வேறு. எஸ்பிரெசிஃப் என்று இருந்தால் அது அநேகமாக உங்கள் ஸ்மார்ட் பல்போ ஸ்மார்ட் பிளக்கோதான். பெயரே இல்லாமல், இரண்டாவது குறி மேலே சொன்ன நான்கில் ஒன்றாக இருந்தால், வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு போன்.

இன்னும் சந்தேகம் என்றால் தடுத்துப் பாருங்கள். வீட்டில் எது நின்றுபோகிறதோ அதுதான் அது. ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் கத்தவில்லை, எதுவும் நிற்கவில்லை என்றால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கூடவே கடவுச்சொல் தட்டாமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். பட்டனை அழுத்தினால் இணையும் முறையைவிட, அதன் எட்டு இலக்க பின் நம்பர் முறைதான் ஓட்டை. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம்; ரவுட்டரோ முதல் நான்கு சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆக முதல் நான்குக்கு 10,000 முயற்சி, அடுத்த மூன்றுக்கு 1,000, மொத்தம் 11,000தான். இது வெளியே தெரிந்தது 2011 டிசம்பரில். இன்றும் அந்த வசதி இயங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர்கள் உண்டு.

என்னையே பூட்டிக்கொண்டேன்

வெள்ளைப் பட்டியலை இயக்கி, சேவ் அழுத்திய அந்த நொடியில் வைஃபை போய்விடும். பட்டியலில் சொந்தக் கணினியைச் சேர்க்காமல் விட்டதன் பலன். லேன் கேபிள் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். வைஃபை மேக் ஃபில்டர் பெரும்பாலும் கேபிளைத் தொடாது. கேபிளில் இணைந்து உள்ளே போய்ப் பட்டியலை அணைத்துவிட்டுத் திரும்பலாம்.

கேபிளிலும் வழியில்லை என்றால் ரீசெட்தான். பின்பக்கச் சின்ன ஓட்டைக்குள் இருக்கும் பட்டனை ஒரு குச்சியால் பத்து வினாடி போல, விளக்குகள் ஒன்றாக மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று: உங்கள் இணைப்பு பிபிபிஓஈ, அதாவது ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறையில் ஓடுகிறதா? அப்படியென்றால் இணைய நிறுவனம் தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரீசெட்டில் அழிந்துவிடும். அவை கையில் இல்லாமல் ரீசெட் செய்தால், வைஃபை பளிச்சென்று எரியும், இணையம் இருக்காது. பேக்கப் கோப்பு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பூட்டிக்கொண்ட நிலையில் எடுத்த பேக்கப்பை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

பத்து மணிக்கு நிற்க வேண்டிய வீடியோ பதினொன்று வரை ஓடுகிறது

முதலில் ரவுட்டரின் கடிகாரம். மின்சாரம் போய் வந்ததும் பல ரவுட்டர்கள் நேரத்தை மறந்து 1970இலோ வேறு ஏதோ ஆண்டின் ஜனவரி 1இலோ போய் நின்றுவிடும். இணையத்திலிருந்து நேரம் தரும் என்டிபி மூலம் நேரத்தை வாங்கிய பிறகுதான் சரியாகும். என்டிபி இயங்குகிறதா, நேர மண்டலம் உங்களுடையதா என்று பாருங்கள். மண்டலம் தவறியிருந்தால் இரவு பத்து மணித் தடை பட்டப்பகலில் வந்து விழும்.

கடிகாரம் சரி என்றால் நள்ளிரவைப் பாருங்கள். 22:00 முதல் 06:00 வரை என்று ஒரே வரியில் போட்டால் சில ரவுட்டர்கள் குழம்பிவிடும், முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வருகிறதே என்று அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். 22:00 முதல் 23:59 வரை ஒரு விதி, 00:00 முதல் 06:00 வரை இன்னொரு விதி என்று பிரித்துப் போடுங்கள். இரண்டாவது விதியில் கிழமையை மறக்காதீர்கள். வெள்ளி இரவின் பின்பாதி, ரவுட்டர் கணக்கில் சனிக்கிழமை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடினால், அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ரவுட்டருக்குள் காவல் காக்கும் ஃபயர்வால் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது வந்துபோகும் ஒவ்வொரு தரவுத் துண்டையும், புதிதாக நிறுத்தி விசாரிப்பதில்லை. ஓர் இணைப்பு தொடங்கும்போது ஒருமுறை விசாரிக்கும், சரி என்றால் தன் நோட்டில் எழுதிக்கொள்ளும், அதன் பிறகு அந்த இணைப்பைச் சேர்ந்தவற்றைக் கேள்வி கேட்காமல் விடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே 9:55க்குத் தொடங்கிய இணைப்பு பத்து மணி விதியைச் சந்திப்பதே இல்லை. ஒருமுறை இதை உட்கார்ந்து பார்த்தேன். விதி பத்துக்கு. 10:01க்குப் புதிய பக்கம் எதுவும் திறக்கவில்லை, விதி வேலை செய்கிறது. ஆனால் பக்கத்து அறையில் சின்னவனின் போனில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு 10:35 வரை குலுங்காமல் ஓடியது. அவன் வெளியேறி மறுபடி நுழைய முயன்றபோதுதான் "இணைப்பு இல்லை" என்று வந்தது. யார் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்று கேட்டால், தனக்கு ஒரு வாரமாகவே தெரியும் என்றான்.

உங்கள் ரவுட்டரில் வைஃபை ஷெட்யூல் இருந்தால், அதாவது அந்த நெட்வொர்க்கின் ஒளிபரப்பையே நேரம் பார்த்து நிறுத்தும் வசதி, அதைப் பயன்படுத்துங்கள். அலை நின்றால் எந்தப் பழைய இணைப்பும் தப்பாது. அது இல்லாவிட்டால், விதி தொடங்கும் அதே நேரத்தில் ரவுட்டர் தானாக ரீபூட் ஆகும்படி வைக்கலாம். முரட்டு வழிதான், ஆனால் நோட்டு சுத்தமாகிவிடும். ரீபூட் ஆனதும் கடிகாரம் சரியாகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் பத்திக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தடுத்த தளம் திறக்கிறது

கீவேர்டு போட்டுத் தளங்களைத் தடுக்கும் பழைய வசதி எச்டிடிபிஎஸ் வந்த பிறகு பெரும்பாலும் பொம்மை. பக்கத்தின் முழு முகவரி மறையாக்கத்துக்குள் போய்விடுவதால் ரவுட்டரால் படிக்க முடியாது. மிஞ்சியது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை வழி: தளத்தின் பெயரை ரவுட்டரிடம் கேட்கும்போது தவறான விடை கொடுப்பது. இதையும் தாண்டும் வழிகள் சாதனத்திலேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு உண்டு; அது 853ஆம் போர்ட்டில் பேசும். உலாவிகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற வசதி வேறு. அது 443இலேயே, சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்து போகும். சாதாரண டிஎன்எஸ் பேசும் 53ஐயும் 853ஐயும் வெளியே போகவிடாமல் தடுத்து ரவுட்டர் வழியாக மட்டும் கேட்க வைக்கலாம். 443ஐத் தடுத்தால் இணையமே நின்றுவிடும். அங்கே ரவுட்டரின் எல்லை முடிகிறது, மேற்கொண்டு அந்தச் சாதனத்திலேயே கட்டுப்பாட்டை வைக்க வேண்டியதுதான்.

இன்னொரு கள்ளவழி ஐபிவி6, பழைய ஐபிவி4க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறை. தடை விதிகள் ஐபிவி4க்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும், சாதனமோ ஐபிவி6 வழியாகப் பேசிக்கொண்டிருக்கும். ஐபிவி6ஐத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். தடை வேலை செய்யத் தொடங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. மீண்டும் இயக்கிவிட்டு அதற்கும் விதி எழுதுங்கள்.

விதிகள் நிறைய இருந்தால் வரிசையையும் பாருங்கள். மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலான ஃபயர்வால்களின் பழக்கம். "எல்லோருக்கும் எல்லாம் அனுமதி" என்ற வரி மேலே உட்கார்ந்திருந்தால் கீழே எழுதிய தடைகள் வெறும் அலங்காரம்.

போர்ட் திறந்தேன், வெளியிலிருந்து இணைக்க முடியவில்லை

இங்கே பேச்சைத் தொடங்குவது வெளியாள். உள்ளே இருந்து தொடங்கியதற்கு வரும் பதில் என்றால் ரவுட்டர் தானே வழி விடும். வெளியிலிருந்து முதலாவதாக வருவதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, அதைச் சொல்லித் தருவதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் நேரம் வீண்.

1. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபியை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். பிறகு உங்கள் பொது ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றா? ஒன்றென்றால் அடுத்த படிக்குப் போகலாம். வேன் ஐபி 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால் உங்களுக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, அநேகமாக இணைய நிறுவனம் வைத்த பெட்டி. அது ரவுட்டராக வேலை செய்யாமல் வெறுமனே இணைப்பைக் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள், அல்லது அதிலும் போர்ட்டைத் திறங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. இதற்கென்றே 2012இல் ஒதுக்கிய முகவரிக் கூட்டம் இது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் வெளிக்கதவு உங்களுடையது அல்ல. பொது ஐபி தரச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது உள்ளிருந்தே இணைப்பைத் தொடங்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாட்டுக்குப் போங்கள்.

2. சோதிப்பது எங்கிருந்து? வீட்டு வைஃபையிலிருந்தே உங்கள் பொது முகவரியைத் தட்டிப் பார்த்தால் பல ரவுட்டர்கள் அதை உள்ளே திருப்பிவிடத் தெரியாமல் கைவிட்டுவிடும். போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கலைத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

3. விதியில் எழுதிய உள் ஐபி இன்னும் அதே சாதனத்திடம்தான் இருக்கிறதா? டிஹெச்சிபி நேற்று 192.168.1.20 தந்திருக்கும், இன்று 192.168.1.23. விதியோ 20ஐயே தட்டிக்கொண்டிருக்கும். அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் அந்தச் சாதனத்தின் மேக் முகவரிக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். நேற்றுவரை ஓடியது, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் நின்றது என்றால் நேராக இந்தப் படிக்கே வரலாம்.

4. விதியில் போர்ட்டின் வகை டிசிபியா யூடிபியா என்று பாருங்கள், தெரியாவிட்டால் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியின் சொந்த ஃபயர்வால். ரவுட்டர் வழி விட்டும் விண்டோஸ் வாசலில் நிறுத்தியிருக்கும்.

எதுவும் ஆகவில்லை என்று டிஎம்இசட்டில் கணினியைப் போட்டுவிடச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும். அது எல்லாப் போர்ட்டையும் அந்த ஒரு சாதனத்தை நோக்கித் திறந்துவிடுவது. ஐந்து நிமிடச் சோதனைக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். கண்காணிப்பு கேமராவுக்குப் போர்ட் திறப்பதும் அப்படித்தான், நான் செய்ய மாட்டேன். ரவுட்டரில் வெளியிலிருந்து வீட்டுக்குள் மறையாக்கிய பாதை தரும் விபிஎன் சர்வர் இருந்தால் அதை மட்டும் திறந்து, அதன் வழியாக வீட்டுக்குள் வந்து கேமராவைப் பாருங்கள்.

கெஸ்ட்டுக்கு மாற்றியதும் பிரின்டர் தெரியவில்லை

கோளாறு இல்லை. கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே உள்ளிருப்பவர்களை ஒருவருக்கொருவர் காட்டாமல் இருப்பது. பிரின்டரையும் டிவியையும் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ், 5353ஆம் போர்ட்டில் பக்கத்தில் இருப்போரை மட்டும் கூப்பிடும், சுவர் தாண்டாது. பிரின்டரையும் அதைப் பயன்படுத்துபவர்களையும் ஒரே நெட்வொர்க்கில் வையுங்கள். முதன்மை வைஃபையிலேயே இந்தத் தொல்லை என்றால், அதில் இருப்பவர்களையும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கும் ஏபி ஐசோலேஷன் என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

ஃபயர்வாலை "ஹை" ஆக்கியதும் ஒவ்வொன்றாக நிற்கிறது

ஹை என்பது பல ரவுட்டர்களில் உள்ளிருந்து வெளியே போவதையும் குறிப்பிட்ட சில போர்ட்டுகளுக்குள் சுருக்குவது. இணையதளம் திறக்கும், அலுவலக விபிஎன் நிற்கும். ஐபிசெக் வகை விபிஎன்னுக்கு யூடிபி 500, 4500 இரண்டும் வெளியே போக வேண்டும். வீட்டுக்கு மீடியம் போதும். வெளியிலிருந்து கேட்காமல் வருவதை அதுவே தடுக்கிறது. இணைய அழைப்பில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் எஸ்ஐபி ஏஎல்ஜி என்பதை அணையுங்கள். உதவுவதற்காக வைத்தது, பெரும்பாலும் கெடுக்கத்தான் செய்கிறது.

சில தளங்கள் நன்றாகத் திறந்து, சில பாதியில் தொங்கி நின்றால் அது வேறு கதை. நெட்வொர்க் தன் கோளாறுகளைச் சொல்லிக்கொள்ளும் செய்தி முறையான ஐசிஎம்பி முழுவதையும் தடுத்திருக்கிறீர்களா? பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்ற செய்தியும் ஐசிஎம்பியில்தான் வருகிறது. பிபிபிஓஈ இணைப்பில் அளவு 1500க்குப் பதில் 1492 பைட் என்பதால் இந்தச் செய்தி அடிக்கடி தேவைப்படும். அதைத் தடுத்தால் பெரிய பாக்கெட் அனுப்பும் பக்கம் மௌனமாகத் தொங்கும், சின்னப் பக்கங்கள் ஓடும். இருக்கிறாயா என்று கேட்டு வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்லாதே என்ற பட்டன் மட்டும் போதும். ஐபிவி6இல் ஐசிஎம்பியை முழுதாகத் தடுக்கவே கூடாது, அந்த நெட்வொர்க் அதன் மேல்தான் நிற்கிறது.

லாக் முழுவதும் தாக்குதல், தாக்குதல்

ரவுட்டர் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடான லாகை முதல்முறை திறப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் போர்ட் ஸ்கேன் நிமிடத்துக்கு ஒன்று, உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த இசட்மேப் என்ற கருவி, கிகாபிட் இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து பொது முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. அப்படித் தட்டுபவர்கள் இன்று ஏராளம். 23 டெல்நெட், 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வு, 3389 ரிமோட் டெஸ்க்டாப்: இந்த எண்கள் திரும்பத் திரும்ப வரும். ட்ராப் என்று பக்கத்தில் இருந்தால் கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

"ஏசிகே ஸ்கேன்" என்று எழுதி, அனுப்பியவர் நீங்கள் தினமும் பார்க்கும் பெரிய தளம் ஒன்றின் சர்வர், போர்ட் 443 என்று இருந்தால் அதுவும் தாக்குதல் அல்ல. உங்கள் உலாவி இணைப்பை மூடிய பிறகு தாமதமாக வந்து சேர்ந்த பாக்கெட். ரவுட்டர் நோட்டிலிருந்து அந்த இணைப்பை அழித்துவிட்டதால் யாரோ தெரியாதவர் என்று பதிகிறது.

கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில் வருபவை. அனுப்பியவர் இடத்தில் 192.168 என்று தொடங்கும் உங்கள் வீட்டு முகவரி, போகும் இடமோ வெளியே ஏதேதோ முகவரிகள், போர்ட் 23 அல்லது 2323. தட்டிக்கொண்டிருப்பது உங்கள் வீட்டுச் சாதனம். 2016இல் பரவிய மிராய் என்ற தீய மென்பொருள் இப்படித்தான் நடந்துகொண்டது. மாற்றாமல் விட்ட அறுபது சொச்சம் தொழிற்சாலை யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அது நினைவகத்தில் மட்டும் வாழ்ந்ததால் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடும். ஆகவே அந்தச் சாதனத்தை முதலில் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் மறுபடி சேர்க்க வேண்டும்.

நான் திறக்காத போர்ட் திறந்திருக்கிறது

யூபிஎன்பி பட்டியலைப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனமும் கடவுச்சொல் இல்லாமலே ரவுட்டரிடம் "எனக்கு ஒரு போர்ட் திற" என்று கேட்கலாம், அதுவும் திறந்துவிடும். விளையாட்டு கன்சோலாக இருந்தால் பரவாயில்லை. மலிவான கேமராவாக இருந்தால் யோசிக்க வேண்டும். நான் யூபிஎன்பியை அணைத்துவிட்டு, கன்சோலுக்கு மட்டும் கையால் போர்ட் திறந்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் காலியாக இருந்தும் திறந்திருந்தால் ரிமோட் மேனேஜ்மென்ட் இயங்குகிறதா என்று பாருங்கள், வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதி அது, அணையுங்கள். 7547 திறந்திருந்தால் அது இணைய நிறுவனம் ரவுட்டரைத் தூரத்திலிருந்து கவனிக்கும் வழி. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் ஒன்பது லட்சம் வீட்டு இணைப்புகள் முடங்கியதற்கு இந்தப் போர்ட்டைக் குறிவைத்த தாக்குதல்தான் காரணம். நிறுவனத்தின் பெட்டி என்றால் அவர்களிடம் கேளுங்கள், சொந்தப் பெட்டி என்றால் மூடிவிடுங்கள்.

வேன் பக்கத்திலும் டிஹெச்சிபி பக்கத்திலும் டிஎன்எஸ் முகவரிகளையும் ஒரு பார்வை பாருங்கள். நீங்கள் போடாத, உங்கள் நிறுவனமும் தராத முகவரி அங்கே இருந்தால் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். அப்போது ரீஸ்டார்ட் போதாது. 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீய மென்பொருள், 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் சாதனங்களில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அதன் முதல் பகுதி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் வகை.

எனவே முழு ரீசெட். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய கோப்பை ரவுட்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து மொபைல் டேட்டாவில் முன்பே இறக்கிவைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ரீசெட் செய்து, லேன் கேபிள் வழியாக நுழைந்து, முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டு, அடுத்து ஃபர்ம்வேர், அடுத்து டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையில் புது வைஃபை கடவுச்சொல், பிறகு டபிள்யூபிஎஸ், யூபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றையும் அணைத்தல். பழைய ஸ்மார்ட் பிளக்குகள் டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் இணைய மறுக்கலாம். இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். வெளிக் கேபிளைக் கடைசியில் மாட்டுங்கள். ஆரம்பத்தில் எடுக்கச் சொன்னேனே பேக்கப், அதை இங்கே மட்டும் ஏற்ற வேண்டாம். வந்தவர் போட்டுவிட்டுப் போன டிஎன்எஸ்ஸும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். விதிகளைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே எழுதுங்கள். புதிய ஃபர்ம்வேர் எதுவும் சில ஆண்டுகளாக வரவேயில்லை என்றால் அவ்வளவு தூரம் எழுதி முடிப்பதற்கு முன்பே வேறு ரவுட்டர் வாங்கிவிடலாம்.